பீல் நகருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

பீலில் வீடு கிடைத்திருக்கிறது என்று சொன்னால், சூரிச்சில் இருக்கும் சொந்தக்காரர்கள் சிலர் கொஞ்சம் முகம் சுளிப்பார்கள். அங்கே வேலை இல்லை, சமூக உதவியில் வாழ்கிறவர்கள்தான் அதிகம், ஊர் அவ்வளவு துப்புரவில்லை என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். இதில் பாதி உண்மை. சமூக உதவி பெறுவோரின் வீதம் சுவிஸ் நகரங்களிலேயே மிக அதிகமான ஊர்களில் பீலும் ஒன்று. வாடகை குறைவு. மூன்றில் ஒருவராவது வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர். ஆனால் வேலை தேடி வந்த வெளியாட்களால் வளர்ந்த ஊர் இது என்பதை அந்தச் சொந்தக்காரர்கள் சொல்ல மாட்டார்கள். புதிதாக வருகிற ஒரு தமிழருக்கு இதைவிடத் தோதான ஊர் இந்த நாட்டில் குறைவு என்பது என் அபிப்பிராயம்.

ஊர் எங்கே என்று முதலில் பார்த்துக்கொள்வோம். பேர்ண் மாநிலத்தில், யூரா மலையின் அடிவாரத்தில், பீல் ஏரியின் வடகிழக்கு முனையில் இருக்கிறது. சுமார் 55,000 பேர். ரயிலில் பேர்ணுக்கு அரை மணிநேரம், சூரிச்சுக்கு ஒரு மணிநேரத்துக்குச் சற்று மேல். ஏரிக்கரை நகரம் என்று கேள்விப்பட்டு வருகிறவர்களுக்கு நிலையத்தில் இறங்கியதும் ஏமாற்றம்தான். ஏரி கண்ணில் படாது. ஊர் ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வளர்ந்திருக்கிறது, நடுவே தண்டவாளம் வேறு. நிலையத்தின் பின்பக்கமாக நடந்தால் பத்து நிமிடத்தில் கரைக்குப் போய்விடலாம்.

பழைய ஊரை 13ஆம் நூற்றாண்டில் பாசல் நகரத்து ஆயர் நிறுவினார். 1798இல் பிரெஞ்சுப் படை பிடித்தது. 1815இல் வியன்னா மாநாடு பீலைப் பேர்ணிடம் ஒப்படைத்தது. அதுவரை இது ஒரு சின்ன ஜெர்மன் மொழி ஊர். ரிங் என்ற சதுக்கத்தைச் சுற்றி இருக்கும் பழைய வீடுகளை ஒருமுறை நடந்து பார்த்தால் அது எவ்வளவு சின்னது என்று விளங்கும்.

ஊரை மாற்றியது மணிக்கூடு. 1840களில் நகரசபை ஒரு கெட்டிக்கார வேலை செய்தது: வெளியிலிருந்து வந்து குடியேறும் மணிக்கூட்டுத் தொழிலாளர்களுக்கு வரிச்சலுகை கொடுத்தது. மேலே யூரா பள்ளத்தாக்குகளில் இந்தத் தொழில் தெரிந்த குடும்பங்கள் ஏராளம். எல்லோரும் பிரெஞ்சு பேசுகிறவர்கள். அவர்கள் இறங்கி வந்தார்கள், கூடவே மொழியும் வந்தது. ஒமேகாவாகப் பிறகு பெயரெடுத்த நிறுவனம் 1880இல் இங்கே வந்தது. ரோலெக்ஸ் மணிக்கூட்டின் உள்ளியந்திரம் இங்கேதான் உருவானது, இன்றும் இங்கேதான் செய்யப்படுகிறது. ஆக, இன்று தெருப்பெயர் ஒவ்வொன்றும் இரண்டு மொழியில் எழுதியிருப்பதற்கு ஒரு வரிச்சலுகைதான் மூலகாரணம். பத்தில் நான்கு பேருக்கு மேல் பிரெஞ்சு பேசுகிறவர்கள், மீதிப்பேர் ஜெர்மன். 2005இலிருந்து ஊரின் அதிகாரபூர்வப் பெயரே பீல்/பியென் என்று சாய்கோடு போட்டுத்தான் எழுதப்படுகிறது.

தொழிலாளர் ஊர் என்பதால் அரசியலும் இடதுசாரிப் பக்கம் சாய்ந்தது. 1921 முதல் 1947 வரை கீடோ முல்லர் என்ற சமூக ஜனநாயகக் கட்சிக்காரர் நகரபிதாவாக இருந்தார். அந்தக் காலத்தை இன்னும் 'சிவப்பு பீல்' என்றுதான் சொல்வார்கள். நிலையத்தைச் சுற்றியுள்ள தட்டைக்கூரைக் கட்டிடங்களும், 1932இல் திறந்த மக்கள் மாளிகையும் அப்போது எழுந்தவை. உலகப் பொருளாதார நெருக்கடியில் வேலை போனபோது, ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனிக்குத் தொழிற்சாலை கட்டிக்கொடுத்து இங்கே வரவைத்தார்கள். 1936 முதல் 1975 வரை பீலில் கார் பொருத்தினார்கள் என்றால் இப்போது நம்பக் கஷ்டமாக இருக்கும்.

அப்புறம் அடி விழுந்தது. ஜப்பானிலிருந்து மலிவான குவார்ட்ஸ் மணிக்கூடுகள் வந்ததும் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 1970களில் மட்டும் ஊரின் சனத்தொகை சுமார் பத்தாயிரம் குறைந்தது. 1983இல் சுவாட்ச் என்ற மலிவான சுவிஸ் மணிக்கூடு வந்த பிறகுதான் மூச்சு திரும்பியது. காலியாகக் கிடந்த வீடுகளால் வாடகை விழுந்தது, வாடகை விழுந்ததால் கையில் காசில்லாதவர்கள் வந்தார்கள். சூரிச் சொந்தக்காரர்கள் சொல்லும் அந்தப் பெயர் இப்படித்தான் ஒட்டிக்கொண்டது. சுவாட்ச் தலைமையகம் இப்போது பாம்பு மாதிரி நெளிந்து கிடக்கும் ஒரு மாபெரும் மரக்கட்டிடத்தில் இருக்கிறது. ஜப்பானியக் கட்டிடக் கலைஞர் ஷிகெரு பான் வரைந்தது, 2019இல் திறந்தார்கள். உள்ளே போகாவிட்டாலும் வெளியிலிருந்தாவது ஒருமுறை பாருங்கள்.

சரி, இனி உங்கள் விஷயம். பீலில் இறங்குகிறவர் எடுக்க வேண்டிய பெரிய முடிவு எந்த மொழியைப் படிப்பது என்பதுதான். மற்ற ஊர்களில் இந்தக் கேள்வியே எழாது. இங்கே நகரசபை அலுவலகத்தில் எந்த மொழியில் தொடங்குகிறீர்களோ அந்த மொழியிலேயே பதில் வரும். கடையிலும் பஸ்ஸிலும் அதுதான் வழக்கம்: முதலில் வாய் திறப்பவரின் மொழி. இந்த வசதியே ஒரு பொறியும்கூட. இரண்டிலும் நாலு வார்த்தை பொறுக்கிக்கொண்டு, எதிலும் ஒரு கடிதம் வாசிக்க முடியாமல் பத்து வருடம் ஓட்டுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எதை? பிரெஞ்சில் ஒரு பெரிய வசதி உண்டு: வகுப்பில் படிப்பதுதான் தெருவிலும் கேட்கும். ஜெர்மன் அப்படியில்லை. வகுப்பில் படிப்பது ஒன்று, பக்கத்து வீட்டுக்காரர் பேசும் பேர்ண் வட்டாரமொழி இன்னொன்று. முதல் வருடம் அது காதில் ஏறவே ஏறாது. ஆனால் பேர்ண், சொலத்தூர்ன், சூரிச் பக்கம் வேலை தேடும் எண்ணமிருந்தால் ஜெர்மன் இல்லாமல் முடியாது, சொந்தக்காரர்களில் பெரும்பாலோர் இருப்பதும் அந்தப் பக்கம்தான். வதிவிட அனுமதிக்கான மொழித்தேர்வு நீங்கள் வசிக்கும் இடத்து மொழியில் இருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். சி அனுமதிக்கு, அதாவது நிரந்தர வதிவிடத்துக்கு, குறைந்தது பேச்சில் ஏ2, எழுத்தில் ஏ1 (ஏ1 தொடக்க நிலை, அதற்கு மேல் ஏ2, பிறகு பி1). குடியுரிமைக்குப் பேச்சில் பி1, எழுத்தில் ஏ2. பீலில் இரண்டு மொழியும் செல்லும். பிரெஞ்சு சான்றிதழோடு இரண்டு வருடத்தில் சூரிச்சுக்கு வீடு மாறினால் அனுமதிக்காகத் திரும்பவும் படிக்க வேண்டியிருக்கும்.

பிள்ளைகளுக்கும் இதே கேள்விதான், ஆனால் முடிவெடுக்க அவகாசம் குறைவு. நான்கு வயதில் பாலர் வகுப்பு கட்டாயம், எந்த மொழிப் பள்ளிக்கூடம் என்று பதியும்போதே கேட்பார்கள். இருமொழி வகுப்புகளும் உண்டு, ஆனால் இடம் குறைவு. தகப்பன் ஜெர்மன், தாய் பிரெஞ்சு, பிள்ளை பள்ளியில் வேறு ஒன்று என்று பிரிந்துபோனால் பெற்றோர் கூட்டத்துக்கு யார் போவது என்பதே பிரச்சினையாகிவிடும். பெற்றோரில் ஒருவராவது பிள்ளையின் பள்ளிமொழியைப் படிப்பது நல்லது. தமிழை வீட்டில் விடாதீர்கள், மற்ற இரண்டும் தெருவே கற்றுக்கொடுத்துவிடும்.

அலுவலக வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வந்து 14 நாட்களுக்குள் நகரசபையில் பதிய வேண்டும். மருத்துவக் காப்புறுதி எடுக்க மூன்று மாத அவகாசம். தாமதித்தால் மிச்சம் பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள், வந்த நாளிலிருந்து கணக்குப் போட்டு வாங்குவார்கள். அகதி விண்ணப்பத்தில் இருப்பவர்களுக்கு அந்தக் காப்புறுதியை மாநிலம் பார்த்துக்கொள்ளும். குப்பையை வெளியே வைக்கும் நாள் தெருவுக்குத் தெரு மாறும், நகரசபை தரும் நாட்காட்டியைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள். ஆடை துவைக்கும் அறையின் முறைநாளை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அயலவர் சண்டையில் பெரும்பாலானவை அங்கேதான் தொடங்கும்.

மணிக்கூட்டு விடுமுறை என்று ஒன்று உண்டு. ஜூலை நடுப்பகுதி முதல் ஆகஸ்ட் தொடக்கம் வரை தொழிற்சாலைகள் ஒரேயடியாக மூடும், ஊர் பாதி காலியாகிவிடும். அந்தக் கிழமைகளில் வேலை விண்ணப்பம் போட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதில் பயனில்லை. உணவகச் சமையலறையும் முதியோர் இல்லமும் நம்மவர்கள் பலரின் முதல் வேலை. ஆனால் கைநிதானமும் பொறுமையும் உள்ளவர்கள் மணிக்கூடு பொருத்தும் வேலையையும் விசாரித்துப் பார்க்கலாம்.

கோயிலுக்குப் பேர்ண் போவதுதான் பலரின் வழக்கம். ஐரோப்பா சதுக்கத்தில் 2014 டிசம்பரில் திறந்த சமயங்களின் இல்லத்தில் சைவநெறிக்கூடத்தின் கோயில் இருக்கிறது. அதே கூரையின் கீழ் பள்ளிவாசலும், பௌத்த, கிறிஸ்தவ வழிபாட்டு இடங்களும் உண்டு.

ஏரியைப் பற்றி ஒரு எச்சரிக்கை, குறிப்பாக இளைஞர்களுக்கு. பார்க்கச் சாதுவான தண்ணீர். ஆனால் யூரா மலையிலிருந்து ஜொரான் என்ற காற்று சொல்லாமல் கொள்ளாமல் இறங்கும். கரையில் செம்மஞ்சள் விளக்கு மினுங்குவதைக் கவனியுங்கள். நிமிடத்துக்கு 40 தடவை மினுங்கினால் பலத்த காற்று வரலாம் என்று பொருள், 90 தடவை என்றால் புயல், உடனே கரையேற வேண்டும். நீந்தத் தெரியாவிட்டால் காற்றடைத்த படகை நம்பி ஆழத்துக்குப் போகாதீர்கள்.

இந்த ஏரி முன்பு இன்னும் உயரமாக இருந்தது. வெள்ளத்தில் தத்தளித்த நிலங்களைக் காப்பாற்ற ஒரு கால்வாய் வெட்டி, 1878இல் ஆரே ஆற்றையே இதற்குள் திருப்பினார்கள். வெளியேறும் வாய்க்காலையும் ஆழமாக்கியதால் நீர்மட்டம் இரண்டு மீட்டருக்கு மேல் இறங்கியது. 1765இல் பிரெஞ்சு மொழி தத்துவவாதி ரூசோ ஆறு கிழமை தங்கியிருந்த பீட்டர் தீவுக்கு அப்போதுதான் தரைவழி பிறந்தது. இப்போது எர்லாக் ஊரிலிருந்து நடந்தே போகலாம். கோடையில் பீலிலிருந்து கப்பலும் உண்டு, கரையோரத் திராட்சைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே போகலாம்.

நவம்பர் வந்தால் பனிமூட்டம் ஊரை மூடிவிடும், நாட்கணக்கில் சூரியன் தெரியாது. முதல் வருடத்தில் பலருக்கு மனம் சோர்ந்துபோவது அப்போதுதான். அதற்கு இங்கே ஒரு மருந்து இருக்கிறது. 1887இலிருந்து ஓடும் கயிற்று ரயிலில் ஏறினால் பத்து நிமிடத்தில் மாக்லிங்கன், கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், மேகத்துக்கு மேலே. பல நாட்களில் அங்கே வெயில் எறிக்கும், வானம் தெளிந்திருந்தால் தெற்கே ஆல்ப்ஸ் மலைத்தொடர் முழுவதும் தெரியும். போகும் முன் மேலே வானிலை எப்படி என்று பாருங்கள். மேலேயும் மூட்டமாக இருந்தால் டிக்கெட் காசு வீண். ஜாக்கெட்டை மறக்காதீர்கள்.