டைம்-அவுட் தோல்வி அல்ல: பேமென்ட் நிரல் எழுத வருபவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பையன் எழுதிய பேமென்ட் நிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுத்தமாக எழுதியிருந்தான். டெஸ்ட் எல்லாம் பச்சை. நடுவே மூன்று வரி: கேட்வேயிலிருந்து (வாடிக்கையாளரின் வங்கியிடம் நமக்காகப் பணம் கேட்கும் இடைநிலைச் சேவை) 30 வினாடிக்குள் பதில் வராவிட்டால் 'தோல்வி' என்று குறி, மறுபடி அனுப்பு, மூன்று தடவை வரை. படித்ததும் வயிற்றைக் கலக்கியது. பல வருடங்களுக்கு முன் அதே மூன்று வரியை அதே நம்பிக்கையோடு நானும் எழுதியிருக்கிறேன்.

ஹெச்டிடிபிஎஸ் போடுங்கள், பாஸ்வேர்டை அப்படியே சேமிக்காதீர்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதுகூடத் தெரியாமல் பணம் புழங்கும் இடத்துக்கு வந்திருந்தால், முதலில் வேறு எதையாவது எழுதிக் கை பழகுங்கள்.

## பதில் வராததைத் 'தோல்வி' என்று எழுதுவது

வங்கிக் கவுன்ட்டரில் பணம் கட்டிய காலத்தில் இந்தக் குழப்பம் இல்லை. காசாளர் நோட்டை எண்ணி, முத்திரை குத்தி, ரசீதைக் கையில் கொடுப்பார். ரசீது இருந்தால் கட்டியாயிற்று. வலை வந்த பிறகு விரலுக்கும் பேரேட்டுக்கும் நடுவே ஒரு வரிசையே நிற்கிறது: வாடிக்கையாளரின் போன், நம் சர்வர், கேட்வே, கார்டு நெட்வொர்க், கார்டு கொடுத்த வங்கி. இதில் எங்கே வேண்டுமானாலும் தொடர்பு அறுந்துபோகலாம். கேள்வி போகும் வழியில் அறுந்தால் பணம் எடுக்கப்பட்டிருக்காது. பதில் திரும்பும் வழியில் அறுந்தால் பணம் போயிருக்கும். நம் சர்வருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், வெறும் மௌனமாக.

கெட்டிக்காரத்தனத்தால் தாண்டக்கூடிய சிக்கல் இல்லை இது. செய்தி தொலைந்துபோகக்கூடிய வழியில் பேசிக்கொள்ளும் இருவர், ஒரே முடிவில் இருக்கிறோம் என்று உறுதியாக அறிந்துகொள்ளவே முடியாது. 'இரண்டு தளபதிகள் சிக்கல்' என்ற பெயரில் பேசப்படும் இந்த விஷயம் 1975லேயே எழுதப்பட்டுவிட்டது. கார்டு நெட்வொர்க்குகள் பேசிக்கொள்ளும் ஐஎஸ்ஓ 8583 தரம் 1987ல் வந்தது. அதிலும் பணம் கேட்கும் செய்தியோடு கூடவே, 'நான் கேட்டதை ரத்து செய்துவிடு' என்று சொல்ல 0400 வரிசையில் தனிச் செய்திகள் இருக்கின்றன. மௌனம் வரும் என்று அவர்கள் எதிர்பார்த்தார்கள். நான் எதிர்பார்க்கவில்லை.

ஒரு நாள் இரவு கேட்வே மெதுவாகிவிட்டது. விழவில்லை. விழுந்திருந்தால் பிழைத்திருப்போம். ஒவ்வொரு பதிலுக்கும் 40 வினாடிக்கு மேல் ஆனது. என் நிரல் 30லேயே பொறுமை இழந்து மறுபடி கேட்டது, பிறகு இன்னொரு முறை கேட்டது. காலையில் வந்து பார்த்தால் எங்கள் டேட்டாபேஸில் எல்லாமே 'தோல்வி'. வாடிக்கையாளர்களின் கணக்கிலோ ஆளுக்கு மூன்று பற்று.

அதைக்கூட ஒருமாதிரி ஜீரணித்துவிட்டேன். இன்றும் உறுத்துவது அதற்கு அடுத்து நடந்தது. போன் செய்தவர்களிடம் எங்கள் உதவி மையத்தினர், நான் எழுதிக்கொடுத்திருந்த குறிப்பைப் பார்த்து, "பட்டனை ரெண்டு மூணு தடவை அழுத்தியிருப்பீங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு பெண்மணி விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தாராம்: "ஒரு தடவைதான் அழுத்தினேன். அதுக்கப்புறம் பயந்துபோய் போனைத் தொடவே இல்லை." அவர் சொன்னதுதான் சரி. மீதி இரண்டு தடவை அழுத்தியது என் நிரல். பணத்தைத் திருப்பித் தர அவசரமாக எழுதிய ரீஃபண்ட் நிரலும் அதே பழைய ஃபங்ஷனைத்தான் கூப்பிட்டது, கேட்வேயும் இன்னும் தேறியிருக்கவில்லை. சிலருக்கு ரீஃபண்ட் இரண்டு முறை போயிற்று. அவர்களிடம் போய் அதைத் திருப்பிக் கேட்கும் தைரியம் எங்கள் யாருக்கும் வரவில்லை.

முதலில், 'வெற்றி', 'தோல்வி' இரண்டோடு 'தெரியவில்லை' என்று மூன்றாவது நிலை ஒன்றை டேட்டாபேஸில் வையுங்கள். டைம்-அவுட் ஆனால், அதாவது குறித்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால், அங்கேதான் போக வேண்டும். பிறகு கேட்வேயிடம் அந்தப் பேமென்ட்டின் நிலை என்னவென்று கேளுங்கள். பணத்தைக் கேட்காதீர்கள், நிலையைக் கேளுங்கள்.

மறுபடி அனுப்பியே தீர வேண்டும் என்றால் ஐடெம்பொடன்சி கீ இல்லாமல் அனுப்பாதீர்கள். எத்தனை முறை செய்தாலும் ஒருமுறை செய்த விளைவே இருக்கும் என்பது அந்தச் சொல்லின் பொருள். பெஞ்சமின் பியர்ஸ் என்ற கணிதவியலாளர் 1870ல் அல்ஜீப்ராவுக்காக உண்டாக்கியது, இன்று நம் காசைக் காப்பாற்றுகிறது. ஹெச்டிடிபியில் புட், டெலீட் என்ற கோரிக்கை வகைகள் இரண்டுக்கும் இந்தக் குணம் உண்டு என்று தரமே சொல்கிறது. பணம் எடுக்க நாம் வழக்கமாக அனுப்பும் போஸ்ட்டுக்குக் கிடையாது, அதனால்தான் அந்தப் பேமென்ட்டுக்கே உரிய ஓர் அடையாளக் குறியை, ஒரு சாவியைக் கூடவே அனுப்புகிறோம். அதே சாவி மறுபடி வந்தால் கேட்வே புதிதாகப் பணம் எடுக்காமல் பழைய பதிலையே திருப்பித் தரும்.

இதைச் சொன்னதும் பையன் பத்து நிமிடத்தில் சாவி போட்டுக் கொண்டுவந்தான். எங்கே? மறுமுயற்சி லூப்புக்கு உள்ளே. ஒவ்வொரு முயற்சிக்கும் புத்தம்புதுச் சாவி! பூட்டைப் போட்டுவிட்டு ஆளுக்கொரு சாவி கொடுத்த கதை. வாடிக்கையாளர் பணம் கட்ட முடிவு செய்த கணத்தில் சாவி பிறக்க வேண்டும், முதல் கோரிக்கை கிளம்பும் முன்பே டேட்டாபேஸில் ஏறியிருக்க வேண்டும். சர்வர் நடுவில் செத்து எழுந்தாலும் அதே சாவிதான் கையில் இருக்க வேண்டும்.

இன்னொன்று, சாவிக்கும் ஆயுள் உண்டு. ஸ்டிரைப் என்ற கேட்வே தன் v1 ஏபிஐயில் 24 மணி நேரத்துக்கு மேல் பழைய சாவியை வைத்திருக்கும் என்று உறுதி தருவதில்லை. நேற்றைய சாவியோடு இன்று போனால் அது புதுப் பேமென்ட் ஆகிவிடலாம். ஆகவே மறுபடியும் சொல்கிறேன், முதலில் நிலையைக் கேளுங்கள்.

## தொகையைத் தசம எண்ணாக வைப்பது

கம்ப்யூட்டரிடம் 0.1ஐயும் 0.2ஐயும் ஃப்ளோட்டாகக் கூட்டச் சொன்னால் 0.30000000000000004 என்று காட்டும். தொகையை நாணயத்தின் மிகச்சிறிய அலகில் முழு எண்ணாக வையுங்கள். இவ்வளவுதான் எல்லாரும் சொல்வார்கள். அதைக் கேட்டுவிட்டு எல்லாவற்றையும் நூறால் பெருக்குகிறார்களே, அது அடுத்த தவறு. யென்னுக்குத் தசமமே கிடையாது, குவைத் தினாருக்கு மூன்று இலக்கம். நூறால் பெருக்கினால் 5,000 யென் கட்ட வந்தவரிடம் 5,00,000 யென் கேட்பீர்கள். எந்த நாணயத்துக்கு எத்தனை இலக்கம் என்று ஐஎஸ்ஓ 4217 பட்டியலில் இருக்கிறது, அதிலிருந்து எடுங்கள்.

## கார்டின் பின்பக்க மூன்று இலக்கத்தைச் சேமிப்பது

கூடாது. பேமென்ட்டுக்கு ஒப்புதல் கிடைத்த பிறகு மறையாக்கம் செய்தும் வைத்திருக்கக் கூடாது. கார்டுத் தகவல் பாதுகாப்புக்கான பிசிஐ டிஎஸ்எஸ் தரத்தின் விதி அது.

## வெப்ஹுக் ஒருமுறைதான் வரும், வரிசையாக வரும் என்று நம்புவது

வெப்ஹுக் என்பது, பேமென்ட்டில் ஏதாவது நடந்ததும் கேட்வே தானாகவே நம் சர்வருக்கு அனுப்பும் செய்தி. அது இரண்டு முறை வரும். 'ரீஃபண்ட் ஆயிற்று' முதலிலும் 'பணம் வந்தது' பின்னாலும் வரும். சில சமயம் வரவே வராது.

## எல்லாரையும் ஒரே வார இறுதியில் மாற்றுவது

2018 ஏப்ரலில் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி சுமார் 50 லட்சம் வாடிக்கையாளர்களைப் புது அமைப்புக்கு மாற்றியது. 19 லட்சம் பேர் வரை தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவித்தார்கள். 2022 டிசம்பரில் விதிக்கப்பட்ட அபராதம் 4.865 கோடி பவுண்டு. நூறு பேரில் ஆரம்பியுங்கள்.

## 'ஏதோ தவறு நேர்ந்துவிட்டது' என்று திரையில் காட்டுவது

காசாளரின் முகம் இருந்த இடத்தில் இப்போது நாம் எழுதும் இந்த ஒரு வரிதான் இருக்கிறது. வாடிக்கையாளர் தெரிந்துகொள்ள விரும்புவது இரண்டே விஷயம்: என் பணம் போயிற்றா, நான் இப்போது என்ன செய்ய வேண்டும். "பணம் எடுக்கப்பட்டதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். மறுபடி கட்ட வேண்டாம்" என்று எழுதினால் பாதி போன் வராது. ஆனால் அப்படி எழுத, உள்ளே 'தெரியவில்லை' என்ற நிலை இருக்க வேண்டுமே. பல இடங்களில் அது இல்லாததால்தான் இந்த மொண்ணை வாக்கியம் வருகிறது.

## தினமும் கணக்கை ஒப்பிடாமல் விடுவது

எந்தெந்தப் பணம் உண்மையில் கைமாறியது என்று கேட்வே தரும் செட்டில்மென்ட் பட்டியலையும் நம் பேரேட்டையும் தினமும் வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். "எல்லாத்தையும் சரியா எழுதிட்டா இது எதுக்குண்ணா?" என்று கேட்டான் பையன்.

அந்த இரவுக்குப் பிறகு பழைய பட்டியல்களை எடுத்து உட்கார்ந்து ஒப்பிட்டேன். என் மூன்று வரி அதற்கு முன் எட்டு மாதம் ஓடியிருந்தது. அந்த எட்டு மாதத்தில் ஆறு பேரிடம் இரண்டு முறை பணம் எடுத்திருந்தோம். ஒருவர்கூட எங்களுக்கு ஒரு வரி எழுதவில்லை. அவர்களில் நான்கு பேர் அதற்குப் பிறகு எங்களிடம் எதுவும் வாங்கியிருக்கவில்லை.