கார் அதிகம் பெற்றோல் குடிக்கிறதா? காரணம் தேடுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஐயாயிரத்துக்கு அடித்தால் முன்பு ஒரு கிழமை ஓடும், இப்போது நாலு நாளும் வருவதில்லை" என்று கராச்சில் சொல்லப்படும் முறைப்பாட்டிலேயே முதல் தவறு இருக்கிறது. பெற்றோல் விலை அடிக்கடி மாறும் நாட்டில் ரூபாயை அளவுகோலாகக் கொண்டால், காரில் எந்தக் குறையும் இல்லாமலே செலவு கூடியதாகத் தோன்றும். பெற்றோல் அளவைக் காட்டும் மீற்றர் முள்ளும் நம்பத்தக்கதன்று. பல கார்களில் அது மேற்பாதியில் மெதுவாகவும் கீழ்ப்பாதியில் வேகமாகவும் இறங்கும். தாங்கியை நிரப்பி, குழாய் தானாக நின்றதும் நிறுத்தி, கிலோமீற்றரைக் குறித்துக்கொண்டு, அடுத்த தடவையும் அதே நிலையத்தில் அதே விதமாக நிரப்புவதே சரியான முறை. இடையில் 434 கிலோமீற்றர் ஓடி, 31 லீற்றர் பிடித்தால், லீற்றருக்கு 14 கிலோமீற்றர். ஒரு தடவை நிரப்பியதை வைத்து முடிவெடுக்காமல், மூன்று நான்கு தடவைகளின் சராசரியைப் பார்க்க வேண்டும்.

ரயரின் அளவை மாற்றியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 175/65 ஆர்14 இருந்த இடத்தில் 185/65 ஆர்14 போட்டால் சில்லின் சுற்றளவு ஏறத்தாழ 2 வீதம் கூடுவதால், ஓடிய தூரத்தை மீற்றர் அந்த அளவுக்குக் குறைத்தே காட்டும். அதேபோல், யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதியில் ஓமந்தையிலிருந்து பரந்தன் வரை சீராக ஓடிய கணக்கை, குளக்கட்டுப் பக்கத்துக் கிரவல் வீதிகளில் இரண்டாம் கியரில் ஊர்ந்த கணக்கோடு ஒப்பிடுவதில் பொருளில்லை.

அளந்த பிறகும் குறைவு உறுதியானால், பலர் முதலில் கை வைப்பது எயர் பில்ரரில். வன்னிப் புழுதியில் அது விரைவில் அடைபடுவது உண்மைதான். ஆனால் கார்பரேற்றர் இல்லாத, கணினி கட்டுப்படுத்தும் என்ஜின்களில், உள்ளே வரும் காற்றுக்கு ஏற்பப் பெற்றோலும் குறைக்கப்படுவதால், அடைபட்ட பில்ரர் இழுவையைக் குறைக்குமேயன்றிச் செலவைப் பெரிதாகக் கூட்டாது. கடதாசிப் பில்ரரைக் காற்றுக் குழாயால் பலமாக ஊதிக் கிழித்துவிட்டாலோ, உள்ளே போகும் புழுதி காற்றை அளக்கும் சென்சரில் படிந்து, இல்லாத வில்லங்கத்தை உண்டாக்கும்.

இதைவிடப் பெரிய தவறு, "வெயில் ஊருக்கு இது எதற்கு" என்று, என்ஜின் சூடாகும் வரை றேடியேற்றருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிவது. இது சூடேறலுக்கு வைத்தியம் என்ற நம்பிக்கை எப்படியோ வேரூன்றிவிட்டது. என்ஜின் உரிய சூட்டை அடையும் வரை கணினி கூடுதலான பெற்றோலைக் கொடுத்துக்கொண்டிருக்கும். தெர்மோஸ்ரற் இல்லாதபோதோ திறந்தபடி இறுகிவிட்டபோதோ, வேகமாக ஓடுகையில் றேடியேற்றரில் மோதும் காற்று என்ஜினை அந்தச் சூட்டுக்கு வரவே விடாது. சோதிப்பது எளிது. காலையில் குளிர்ந்த என்ஜினை இயக்கி, விசிறியில் படாமல் றேடியேற்றரின் மேற்குழாயைத் தொட்டுப் பாருங்கள். அது சில நிமிடங்கள் குளிர்ந்தே இருந்து பிறகு சட்டென்று சூடானால் நல்லது. தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பானால் குறை அங்கேதான்.

என்ஜினை மட்டுமே சந்தேகிப்பதும் தவறு. மாரியில் வெள்ளம் பாயும் வீதிகளைக் கடந்துவிட்டு நாட்கணக்கில் நிறுத்தி வைத்த காரில், பிறேக் கட்டைகளை அழுத்தும் கலிப்பரின் ஊசிகள் துருப்பிடித்து, மிதியிலிருந்து காலை எடுத்த பின்னரும் பிறேக் பிடித்தபடியே இருக்கக்கூடும். ஏ9இல் போகிறவர்கள் முறிகண்டிப் பிள்ளையாரடியில் எப்படியும் நிறுத்துவார்கள்; கச்சான் வாங்கப் போகுமுன் நான்கு சில்லுகளுக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்க்கலாம். முன்சில்லுகள் இரண்டும் ஒரே அளவு சூடாக இருப்பது இயல்பு. ஒன்று மட்டும் அதன் சோடியைவிட மிகவும் கொதித்தால், அதை ஜக்கில் உயர்த்திக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். ரயர்க் காற்றை ஓடிச் சூடான பிறகு அளக்காமல் புறப்படுமுன் அளந்து, சாரதியின் கதவோரம் ஒட்டப்பட்டுள்ள அளவுக்கே நிரப்ப வேண்டும். ரயரின் பக்கத்தில் பொறித்திருப்பது அது தாங்கும் உச்ச அளவு.

காரின் கணினியை வாசிக்கும் ஸ்கானரில், புகையிலுள்ள ஒக்சிசனை அளக்கும் ஒக்சிசன் சென்சர் பற்றிய குறியீடு வந்தவுடன் அந்தச் சென்சரையே மாற்றுவது பணத்தை வீணாக்கும் வழி. பல வேளைகளில் அது வேறெங்கோ உள்ள பிழையைச் சரியாகவே சொல்லிக்கொண்டிருக்கும். கலவையைச் சரிசெய்யக் கணினி பெற்றோலை எத்தனை வீதம் கூட்டியோ குறைத்தோ கொடுக்கிறது என்பதைச் சொல்லும், நீண்டகால எரிபொருள் திருத்தம் என்ற இலக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். அது பூச்சியத்துக்கு அண்மையில் நின்றால் காற்று-பெற்றோல் கலவையில் பிழையில்லை என்று கொண்டு, சில்லு, பிறேக், ஓட்டும் வேகம் ஆகியவற்றைப் பார்க்கலாம். 10 வீதத்துக்கு மேல் கழித்தலில் நின்றால், கணினி கேட்பதைவிட அதிகமாகப் பெற்றோல் எங்கிருந்தோ வருகிறது. பெற்றோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒழுகுவதோ கூடிய பெற்றோல் அழுத்தமோ காரணமாகலாம்.

95 ஒக்டேன் அடித்தால் சரியாகிவிடும் என்பது 92க்கு வடிவமைத்த என்ஜினுக்குப் பொருந்தாது. ஹைபிறிட் கார் வைத்திருப்பவர்கள் பற்றரியை மாற்றும் பேச்சை எடுக்குமுன், பின்னிருக்கையருகே உள்ள பற்றரி விசிறியின் காற்றுவாயைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அது செம்புழுதியால் அடைபட்டுப் பற்றரி சூடானால், மின்மோட்டாரின் உதவி குறைந்து, அந்தச் சுமையும் பெற்றோல் என்ஜினின் தலையில்தான் விழும்.