கேபினெட் ஃபேன் சத்தம் போடுகிறதா? புது ஃபேன் வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கம்ப்யூட்டரில் வழக்கத்துக்கு மாறாகச் சத்தம் வந்தால் நாம் சொல்வது ஒரே வாக்கியம்தான்: "ஃபேன் போயிடுச்சு." கடையில் போய் அதையே சொல்கிறோம், கடைக்காரரும் ஒரு ஃபேனை எடுத்து நீட்டிவிடுகிறார். வீட்டுக்கு வந்து மாட்டினால் பல நேரம் சத்தம் அப்படியே இருக்கும். ஃபேன் மேல் குற்றமே இல்லாமல் இருந்திருக்கும், அல்லது நான்கு ஃபேன்களில் தவறான ஒன்றை மாற்றியிருப்போம்.

ஆகவே முதல் தவறு, சரியாகக் கேட்காமலே முடிவுக்கு வருவது. சத்தங்களுக்குப் பெயர் வைக்கத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. சடசட, கரகர, டிக்டிக், கீச், உம்ம்ம். கம்ப்யூட்டர் பக்கத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, வருகிற சத்தத்துக்கு இதில் எது பொருந்தும் என்று பாருங்கள். சடசட என்றால் ஏதோ ஒன்று இறக்கையில் உரசுகிறது, பெரும்பாலும் கேபிள். கரகர என்றால் பேரிங், அதாவது ஃபேனின் தண்டைத் தாங்கிச் சுற்றவிடும் பாகம். தகரப் பெட்டி அதிர்வது போல உம்ம்ம் என்று வந்தால் ஃபேன் நன்றாக இருக்கலாம், அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவோ பக்கத் தகடோ தளர்ந்திருக்கும். வெறும் காற்று இரைச்சல் என்றால் வேகம் அதிகம், அல்லது காற்று போகும் வழி அடைத்திருக்கிறது. கேம் விளையாடும்போது மட்டும் கொசு ரீங்காரம் போல மெல்லிய கீச் வருகிறதா? அது ஃபேனே இல்லை. கிராஃபிக்ஸ் கார்டிலோ எஸ்எம்பிஎஸ்ஸிலோ (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) உள்ள கம்பிச்சுருள் மின்சாரத்தால் அதிரும் சத்தம். கேமில் ஃப்ரேம் ரேட்டுக்கு, அதாவது நொடிக்கு எத்தனை படம் திரையில் வருகிறது என்பதற்கு, ஒரு வரம்பு வைத்தால் குறையும். எத்தனை ஃபேன் மாற்றினாலும் குறையாது.

எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த கேள்வி. பெட்டிக்குள் சத்தம் எதிரொலிப்பதால் வெறும் காது ஏமாறும். ஒரு செய்தித்தாள் பக்கத்தைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு ஃபேனுக்கும் ஒரு சாண் தள்ளிக் காட்டிப் பாருங்கள். குற்றவாளி பக்கம் போனதும் சத்தம் தெளிவாகத் தெரியும். மெக்கானிக்குகள் இன்ஜினில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் கேட்பது போல இங்கே செய்ய வேண்டாம். மின்சாரம் ஓடும் மதர்போர்டு மேல் இரும்பு தவறி விழுந்தால் அதோடு முடிந்தது.

சுற்றுகிற ஃபேனை விரலால் நிறுத்திப் பார்க்கும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. விரல் வெட்டுப்படும், இறக்கையும் உடையும். கம்ப்யூட்டரை அணைத்து, ஒரே ஒரு ஃபேனின் கனெக்டரை மட்டும் கழற்றிவிட்டு மறுபடி போடுவதே பாதுகாப்பான வழி. சத்தம் போய்விட்டால் அதுதான். போகவில்லை என்றால் திரும்ப மாட்டிவிட்டு அடுத்ததைக் கழற்றலாம். சும்மா டெஸ்க்டாப் திரையில் நிற்கும் கம்ப்யூட்டருக்கு ஒரு கேபினெட் ஃபேன் ஐந்து நிமிடம் ஓடாவிட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் பிராசசர் மேல் இருக்கும் ஃபேனை இந்தச் சோதனையில் சேர்க்கவே கூடாது.

எந்த ஃபேனைக் கழற்றினாலும் சத்தம் நிற்கவில்லையா? இந்த இடத்தில்தான் மிகக் கவனமாக இருக்க வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் சித்தி போன் செய்தார். "என்னப்பா, கம்ப்யூட்டர் டக்கு டக்குன்னு அடிச்சுக்குது, வந்து பாரேன்." போனேன். மூடியைத் திறந்ததும் முன்பக்க ஃபேன் தூசி படிந்து கிடந்தது கண்ணில் பட்டது. "ஃபேன்தான் சித்தி" என்று சொல்லி அதைத் துடைத்து, இரண்டு சொட்டு எண்ணெயும் விட்டு வந்தேன். தூசியைப் பார்த்த நான் சத்தத்தைச் சரியாகக் கேட்கவில்லை. அந்த ஃபேனுக்கு நேர் பின்னால் ஹார்டு டிஸ்க் இருந்தது. இரண்டு வாரத்தில் அது நின்றேவிட்டது. சித்தப்பாவின் அறுபதாம் கல்யாணப் படங்கள் மொத்தமும் அதில்தான் இருந்தன. அதன்பிறகு "டக்" என்ற சொல்லை யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது, "பேக்கப் இருக்கா?" என்பதைத்தான்.

ஃபேன் சத்தம் ஒரே சீராக வரும், வேகம் கூடினால் கூடும், குறைந்தால் குறையும். பழுதாகும் ஹார்டு டிஸ்க்கின் டக் அப்படி இல்லை. இரண்டு மூன்று முறை அடிக்கும், நிற்கும், ஃபைல் திறக்கும்போது மறுபடி அடிக்கும், கூடவே கம்ப்யூட்டரும் உறைந்து நிற்கும். அப்படி இருந்தால் ஃபேனை மறந்துவிட்டு முக்கியமான ஃபைல்களை வேறு டிஸ்க்குக்கு எடுங்கள். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் நிலையை நிறத்தில் காட்டும். மஞ்சளோ சிவப்போ தெரிந்தால் தள்ளிப்போடக் கூடாது. நீலமாக இருந்தாலும், டக் சத்தம் தொடர்ந்தால் நான் காதைத்தான் நம்புவேன்.

எண்ணெய் விடும் தவறுகள்

கரகர சத்தம் என்றால் பேரிங் என்று சொன்னேன். விலை குறைந்த ஃபேன்களில் இருப்பது ஸ்லீவ் பேரிங். ஒரு சிறிய குழலுக்குள் எண்ணெய்ப் படலத்தின் மேல் தண்டு சுற்றும். எண்ணெய் காய்ந்தால் உலோகம் தேயும், தண்டு ஆடும், கரகரக்கும். காலையில் போட்டதும் கத்திவிட்டு, ஐந்து பத்து நிமிடத்தில் சூடேறியதும் அடங்கினால் அது தொடக்க நிலை. பெட்டியைப் படுக்கவைத்தால் சத்தம் மாறுகிறது என்றால் பேரிங்தான் என்று கிட்டத்தட்ட உறுதி செய்துகொள்ளலாம்.

அந்த நேரத்தில் வீட்டில் எது கிடைக்கிறதோ அதை ஊற்றிவிடுகிறோம். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். கிட்டத்தட்ட 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும் எண்ணெய் அது. மார்கழிக் காலையில் பாட்டிலில் வெள்ளையாகக் கட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். போதாததற்குத் தூசியோடு சேர்ந்து பிசினாகவும் ஆகும். டபிள்யூடி-40 அடிப்பது இன்னொரு தவறு. அடித்தவுடன் சத்தம் நிற்பதால் அது நல்ல மருந்து போலத் தெரியும். உண்மையில் அதில் பெரும்பகுதி ஆவியாகிப் போகும் கரைப்பான். மிச்சம் இருந்த பழைய எண்ணெயையும் கரைத்துக் கொண்டு போய்விடும், சில நாளில் முன்னைவிட மோசமாகக் கத்தும்.

தையல் மெஷின் எண்ணெய் சரியான தேர்வு. ஃபேனைக் கழற்றி, நடுவில் உள்ள ஸ்டிக்கரைப் பாதி உரித்தால் சில ஃபேன்களில் சின்ன ரப்பர் மூடி இருக்கும், அதற்குள் தண்டின் முனை தெரியும். ஒரு சொட்டு, மிஞ்சினால் இரண்டு. கையால் சுற்றிவிட்டு, விளிம்பில் வழிந்த எண்ணெயைத் துடைத்த பிறகுதான் ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். இல்லையென்றால் ஒட்டாது, எண்ணெய் வெளியே சிதறும். ஸ்டிக்கருக்குக் கீழே வெறும் பிளாஸ்டிக்தான் இருக்கிறது என்றால் அது மூடிய பேரிங், குத்தித் திறக்காதீர்கள். தேய்ந்த உலோகத்தை எண்ணெய் வளர்த்துவிடாது. புது ஃபேன் வாங்கும் வரை சில வாரமோ சில மாதமோ ஓட்டலாம், அவ்வளவுதான்.

சத்தம் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் ஃபேனில் இருந்து வந்தால் எண்ணெய் விடுவதற்காக அந்தப் பெட்டியைத் திறக்கவே கூடாது. நம் வீட்டு 230 வோல்ட் அதற்குள் போய் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட டிசியாகி (நேர் மின்சாரமாகி), மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் ஒரு பெரிய கெப்பாசிட்டரில் நிற்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த மின்சாரம் தங்கியிருக்கலாம். ஒரு ஃபேன் சத்தத்துக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டாம். வாரண்டியில் கொடுங்கள், அல்லது முழு எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்றுங்கள்.

தூசி தட்டும்போது

சர்வீஸ் கடைகளில் ப்ளோயரை வைத்து ஊதும்போது ஃபேன் விசில் அடித்துக்கொண்டு சுற்றுவதைப் பார்த்திருக்கிறேன். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அது ஃபேனின் வழக்கமான வேகத்தைவிடப் பல மடங்கு. பேரிங்குக்கு அது அடி. சுத்தம் செய்யப் போய்ப் புதிதாகக் கரகர சத்தத்தை வாங்கி வருவது இப்படித்தான். ஒரு விரலால் இறக்கையைப் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். இறக்கையில் ஒட்டிய கறுப்புத் தூசி ஊதினாலும் போகாது, சின்னப் பெயிண்ட் பிரஷ்ஷால் எல்லா இறக்கைகளையும் ஒரே மாதிரி துடைக்க வேண்டும். மூன்றைத் துடைத்து நான்கை விட்டால் எடை ஒருபக்கம் சாய்ந்து அதிரும்.

நம் வீடுகளில் இன்னொன்றும் உண்டு: பல்லி. பின்பக்கத்தில் ஸ்லாட் தகடு இல்லாத இடைவெளி வழியாகக் கதகதப்பைத் தேடி உள்ளே வரும். திடீரென்று ஃபேன் சுற்றாமல் உறுமினால் டார்ச் அடித்துப் பாருங்கள். திறந்திருக்கும் ஸ்லாட்டுகளுக்குத் தகடு போடுவது சின்ன வேலைதான்.

ஃபேன் நல்லது, செட்டிங்தான் தவறு

புதிதாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் முதல் நாளிலிருந்தே ஹோவென்று இரைந்தால் பழுதைத் தேட வேண்டாம், மதர்போர்டின் செட்டிங் திரையான பயாஸைத் திறங்கள். கனெக்டரில் மூன்று பின் (pin) உள்ள ஃபேனின் வேகம் வோல்டேஜால் கட்டுப்படும், பயாஸில் இதற்கு டிசி என்று பெயர். நான்கு பின் ஃபேன், நான்காவது பின்னில் வரும் சிக்னலால் வேகத்தை மாற்றும் பிடபிள்யூஎம் என்ற முறையில் கட்டுப்படும். மூன்று பின் ஃபேனை மாட்டிய இடம் பயாஸில் பிடபிள்யூஎம் என்று இருந்தால் அதற்கு எப்போதும் முழு 12 வோல்ட் போகும், முழு வேகத்தில்தான் ஓடும். அதை டிசி என்று மாற்றினால் அடங்கிவிடும். நான்கு பின் ஃபேன் குறைந்த வேகத்தில் மட்டும் டிக்டிக் என்றால் அதற்கும் டிசி போட்டுப் பாருங்கள், சிலவற்றில் அது மோட்டாரின் சத்தமாக இருக்கும்.

பிரவுசரைத் திறந்தால் விர்ர், மூடினால் அமைதி, மறுபடி விர்ர் என்று ஏறி இறங்கும் சத்தமும் பேரிங் கோளாறு இல்லை. பிராசசர் வெப்பம் ஒரு நொடியில் 40 டிகிரியிலிருந்து 60க்குத் தாவும், ஃபேனும் அதோடு ஓடும். பயாஸில் 60 டிகிரி வரை ஒரே வேகம் என்று வைத்து, வேகம் ஏற இறங்கச் சில நொடித் தாமதமும் கொடுத்தால் போதும். அதற்காக எல்லாவற்றையும் சைலன்ட்டில் போட்டுவிடுவது அடுத்த தவறு. கத்திரி வெயிலில் அறையே 35 டிகிரி இருக்கும்போது கேபினெட்டுக்குக் காற்று வேண்டும். ஃபேன் வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் சுமார் 15 டெசிபெல் குறையும், ஆனால் காற்றும் பாதியாகும். ஒரே ஃபேனை விரட்டுவதைவிட இரண்டு ஃபேன்களை மெதுவாக ஓட்டுவது மேல் என்று நான் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

இன்னொரு சத்தம் பலரைக் குழப்பும். வொங்... வொங்... என்று அலை அலையாக வரும். ஃபேன்களைத் தனித்தனியாக ஓட்டினால் எதிலும் வராது. ஒன்பது இறக்கை ஃபேன் நிமிடத்துக்கு 1200 சுற்று சுற்றினால் நொடிக்கு 180 முறை காற்றை அடிக்கிறது. பக்கத்து ஃபேன் 1220 சுற்றினால் 183 முறை. இரண்டுக்கும் உள்ள அந்த 3 வித்தியாசம் நொடிக்கு மூன்று முறை ஏறி இறங்கும் அலையாகக் காதில் விழுகிறது. இரண்டு ஃபேனும் நல்ல ஃபேன்தான். ஒன்றை 1000க்கு இறக்குங்கள், அலை மறைந்துவிடும்.

சரி, எல்லாம் பார்த்துப் புது ஃபேன்தான் வேண்டும் என்று ஆனால், ஸ்க்ரூ ஓட்டைகளுக்கு இடையே அளந்துகொண்டு கடைக்குப் போகாதீர்கள். 105 மில்லிமீட்டர் வரும், அந்த அளவில் ஃபேன் கேட்டால் கிடைக்காது. ஓட்டைக்கு ஓட்டை 105 என்றால் அது 120 மி.மீ. ஃபேன், 124.5 என்றால் 140 மி.மீ. ஃபேன். மேல்பக்கம் படுத்த நிலையில் மாட்டுவதற்கு ஸ்லீவ் பேரிங் வாங்க வேண்டாம், அந்த நிலையில் சீக்கிரம் தேயும். ஃப்ளூயிட் டைனமிக் அல்லது பால் பேரிங் கேளுங்கள். பால் பேரிங் சற்றே சத்தம் கூடுதல், ஆனால் சூட்டைத் தாங்கும்.

மாட்டும்போது நடுவில் குறுக்குக் கம்பிகள் உள்ள பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். சந்தேகம் இருந்தால் ஊதுபத்தியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். ஸ்க்ரூவை இறுக்கி இறுக்கி முறுக்கினால் பிளாஸ்டிக் சட்டம் வளைந்து இறக்கை விளிம்பில் உரசும். நான்கையும் பாதி வரை ஏற்றிவிட்டு, குறுக்கும் மறுக்குமாக மெல்ல இறுக்குங்கள், கை சற்றுத் தடைபடும்போதே நிறுத்திவிடலாம். அப்புறம் கேபிளைச் சட்டத்தோடு ஒரு டை போட்டுக் கட்டி, மின்சாரம் கொடுக்கும் முன் இறக்கையை விரலால் ஒருமுறை சுற்றிவிடுங்கள். எங்கும் தட்டாமல் சுற்றி, தானாக மெதுவாக நின்றால் மூடியைப் போடலாம்.