‘புட் ஆஃப்’னா ஆஃப் பண்றது இல்ல: இங்கிலீஷ் கூட்டு வினைகளைப் பிடிக்கிற வழி

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ஃபோன் கால்ல வெளிநாட்டு கிளையன்ட் ‘வீ மே ஹேவ் டு புட் த டெமோ ஆஃப்’னு சொன்னாங்க. சின்ன வயசுலேருந்து ‘லைட்டை புட் ஆஃப் பண்ணு’ன்னு கேட்டு வளர்ந்தவன் நான், டெமோ சர்வரை நிறுத்தச் சொல்றாங்கன்னு நெனச்சு கால் முடிஞ்ச கையோட நிறுத்திட்டேன். அவங்க சொன்னது டெமோவைத் தள்ளி வைக்கணும்னு. அந்த சர்வர்ல டெஸ்ட் பண்ணிட்டிருந்தவங்களுக்கு மதியம் வரைக்கும் வேலை ஓடல. அன்னிக்கு ராத்திரிதான் உறைச்சுது, எனக்கு ‘புட்’டும் தெரியும் ‘ஆஃப்’பும் தெரியும், ரெண்டும் சேர்ந்து நின்னா என்னன்னு தெரியாது. அதுக்கப்புறம் ஆறு மாசம் இதையே பிடிச்சுக்கிட்டு படிச்சேன். எனக்கு வேலை செஞ்ச வழியை அப்படியே எழுதறேன்.

முதல்ல ஒரு விஷயம். இது நமக்குப் புதுசு இல்ல. ‘விட்டுக்கொடு’ன்னு சொல்றோமே, அதுல ‘விடு’வும் இருக்கு ‘கொடு’வும் இருக்கு, ஆனா ரெண்டு அர்த்தத்தையும் கூட்டிப் பார்த்தா அந்தச் சொல் கிடைக்காது. தமிழ் கத்துக்கிற ஒருத்தர் அதை ஒரே சொல்லா மனசுல வாங்கினாத்தான் உண்டு. ‘கிவ் இன்’, ‘புட் அப் வித்’ எல்லாம் அதே மாதிரிதான். அதனால நோட்டுல எழுதும்போது ‘புட்’டுக்குக் கீழ பத்து வரி போடாதீங்க. ‘புட் ஆஃப் = தள்ளிப்போடு’, ‘புட் அப் வித் = பொறுத்துக்கோ’, ஒவ்வொண்ணும் தனித்தனி சொல்லு.

படி 1: சின்ன லிஸ்ட் எடுங்க

ஆயிரம் ஃப்ரேசல் வெர்ப் (இந்தக் கூட்டு வினைகளுக்கு இங்கிலீஷ்ல அதான் பேரு)னு சுத்துற பிடிஎஃப் எதையும் இறக்காதீங்க, நான் மூணு இறக்கி மூணையும் பத்தாவது பக்கத்துல விட்டேன். 2015-ல கார்னியே, ஷ்மிட்னு ரெண்டு ஆய்வாளர்கள் ‘பேவ் லிஸ்ட்’னு ஒண்ணு வெளியிட்டாங்க. அதிகமா புழங்குற 150 ஃப்ரேசல் வெர்ப், அதுக்கு மொத்தமா 288 அர்த்தம், அவ்வளவுதான். ‘டேக் ஆஃப்’னா விமானம் கிளம்பறது, சட்டையைக் கழட்டறது, லீவு எடுக்கறதுன்னு நெறைய இருக்குல்ல, அதுல நெஜமா அடிக்கடி வர்றதை மட்டும் பொறுக்கி வெச்சிருக்காங்க. ஒரு நாளைக்கு மூணு போதும்.

படி 2: செயப்படுபொருள் எங்க உட்காருதுன்னு பாருங்க

இங்கதான் நான் மாசக்கணக்கா மாட்டிக்கிட்டேன், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

‘டர்ன் ஆஃப் த ஃபேன்’ சரி. ‘டர்ன் த ஃபேன் ஆஃப்’பும் சரி. ஆனா ஃபேனுக்குப் பதிலா ‘இட்’ போட்டா ‘டர்ன் இட் ஆஃப்’ மட்டும்தான் சரி, ‘டர்ன் ஆஃப் இட்’னு சொல்லக் கூடாது. நமக்கு இது ஏன் உறுத்தவே மாட்டேங்குதுன்னா, தமிழ்ல ‘ஃபேனை நிறுத்து’, ‘அதை நிறுத்து’, ‘நிறுத்து அதை’ எப்படிச் சொன்னாலும் ‘ஐ’ உருபு காப்பாத்திடும், பெயர்ச்சொல்லுக்கும் ‘அதை’க்கும் இடத்துல வித்தியாசமே கிடையாது. இங்கிலீஷ்ல இடம்தான் உருபு. ‘இட், ஹிம், ஹெர், தெம், மீ’ வந்தா நடுவுல உட்கார வெச்சுடுங்க: ‘பிக் மீ அப்’, ‘கால் இட் ஆஃப்’, ‘ரைட் இட் டவுன்’.

இப்போ அடுத்த சிக்கல், எல்லாமே இப்படிப் பிரியாது. ‘லுக் ஃபார் இட்’, ‘லுக் இன்ட்டு இட்’ இதெல்லாம் ஒட்டியே இருக்கும், ‘லுக் இட் இன்ட்டு’ன்னு வராது. மூணு சொல் சேர்ந்தது, ‘ரன் அவுட் ஆஃப்’, ‘புட் அப் வித்’ மாதிரி, செயப்படுபொருள் பெரும்பாலும் கடைசியிலதான். எது பிரியும் எது பிரியாதுன்னு மனப்பாடம் பண்ண வேண்டாம். லாங்மேன் ஆன்லைன் அகராதியில, காசு கிடையாது, ‘புட் சம்திங் ஆஃப்’னு போட்டு ‘சம்திங்’ பக்கத்துல ரெண்டு பக்கமும் முனை இருக்கிற ஒரு அம்புக்குறி போட்டிருப்பாங்க. அந்த அம்பு இருந்தா ரெண்டு இடத்துலயும் வரும்னு அர்த்தம். இந்த ஒரு அம்புக்காகவே நான் மத்த அகராதியை விட்டுட்டு லாங்மேனுக்கு வந்தேன். கூகுள்ல தேடினா அர்த்தம் வந்துடும், இடம் தெரியாது.

படி 3: காதால சரிபாருங்க

‘பிக்கப்’, ‘செக்கப்’, ‘மேக்கப்’னு தமிழ்லயே பேசறோம், எல்லாத்துலயும் முதல் பாதியிலதான் அழுத்தம், ஏன்னா அதெல்லாம் பெயர்ச்சொல். பிரியற வினையா வரும்போது அழுத்தம் கடைசிக்குப் போயிடும்: ‘ஐ வில் பிக் யூ அப்’, இதுல ‘அப்’ கணீர்னு விழும். ஒட்டியே இருக்கிற ‘லுக் அட் இட்’ மாதிரியானதுல ‘அட்’ அமுங்கிடும், ‘லுக்’தான் கேக்கும். யூக்லிஷ்னு ஒரு தளம் இருக்கு, சொல்லைப் போட்டா யூடியூப் வீடியோல அதை யாராவது சொல்ற எடத்துக்கே கொண்டுபோய் விடும். ஒரு சொல்லுக்கு அஞ்சு வீடியோ கேளுங்க, பத்து நாள்ல காது தானா பழகிடும்.

படி 4: கார்டு போடுங்க

ஆன்கின்னு ஒரு ஆப் இருக்கு, முன்பக்கம் கேள்வி பின்பக்கம் பதில்னு கார்டு போட்டுத் திரும்பத் திரும்பப் படிக்கிறதுக்கு. ஆண்ட்ராய்டுல அது ஆன்கிட்ராய்டு, இலவசம், ஐஃபோன் ஆப்புக்குக் காசு கேக்கும், ஆனா ஆன்கியோட வெப்சைட்டை பிரவுசர்ல இலவசமா திறந்துக்கலாம். கார்டு முன்பக்கம் தனிச்சொல் போடாதீங்க. உங்க வாழ்க்கையில நடக்கிற ஒரு வாக்கியம் தமிழ்ல (‘கேஸ் தீர்ந்துடுச்சு’), பின்பக்கம் ‘வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் கேஸ்’. ‘இட்’ போட்டு ஒரு கார்டு, பெயர்ச்சொல் போட்டு ஒரு கார்டு, ரெண்டும் கட்டாயம். அடுத்தவங்க ரெடி பண்ணி வெச்ச கார்டு கட்டை (டெக்) எடுக்காதீங்க, அந்த வாக்கியம் உங்க வாயில வராது.

மரபுத்தொடருக்கு என்ன பண்றது?

‘கிக் த பக்கெட்’, ‘ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ மாதிரி இருக்கிறதைக் கேட்டாப் புரிஞ்சாப் போதும், ஆரம்பத்துல பேசிப் பார்க்க வேண்டாம். ‘மண்டையைப் போட்டார்’னு நாம எந்த இடத்துல சொல்லுவோம், எந்த வீட்டுல சொல்லவே மாட்டோம்னு நமக்குத் தெரியும். ‘மண்டை அவரால் போடப்பட்டது’ன்னு யாரும் மாத்திச் சொல்லவும் மாட்டாங்க. ‘கிக் த பக்கெட்’டும் அதே அர்த்தம், அதே மாதிரி இறுகின தொடர், எழவு வீட்டுல சொன்னா மனசு புண்படும்.

அப்டேட் 1: ‘ஐ பாஸ்ட் அவுட் இன் 2014’னு ரெஸ்யூமேல போடலாமான்னு கமென்ட்ல ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க. இந்தியாவுல காலேஜ் முடிச்சேன்னு புரிஞ்சுக்குவாங்க, பரங்கிமலையில ஆஃபீசர்ஸ் டிரெய்னிங் அகாடமியில நடக்கிற ‘பாசிங் அவுட் பரேட்’ல வர்றதும் அந்த மாதிரி அர்த்தம்தான். ஆனா வெளிநாட்டுல பொதுவா ‘பாஸ்ட் அவுட்’னா மயங்கி விழுந்தேன்னு எடுத்துக்குவாங்க. ‘கிராஜுவேட்டட்’னே போட்டுடுங்க.

அப்டேட் 2: மெயில்ல ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ’ன்னு முடிக்கிறது சரியான்னு ஒரு தங்கச்சி கேட்டாங்க. இல்லம்மா, ‘டு மீட்டிங் யூ’ன்னு வரணும். அந்த ‘டு’ இந்தச் சொல்லோடயே ஒட்டின மூணாவது துண்டு, அதுக்குப் பின்னாடி ‘இங்’ வரும். நானும் இதைத் தப்பா எழுதி நூறு மெயிலாவது அனுப்பியிருப்பேன்.

அப்டேட் 3: ‘லுக் ஆஃப்டர் ஹிம்’ல ‘ஆஃப்டர்’தான் அழுத்தமா கேக்குது, அப்போ பிரியுமான்னு கேட்டவருக்கு: பிரியாது. ‘ஆஃப்டர்’ மாதிரி ரெண்டு அசை இருக்கிற சொல் ஒட்டியே இருந்தாலும் அழுத்தம் வாங்கும், அங்க படி 3 கை கொடுக்காது, லாங்மேன்ல அம்பு இருக்கான்னு பாருங்க.