குமரி மாவட்ட வானில் நைட்ரஜன் டை ஆக்சைடை அளக்கும் முறை

சென்டினல்-5பி செயற்கைக்கோளில் உள்ள ட்ரோபோமி நிறமாலைமானி, பூமியில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியை அலைநீள வாரியாகப் பிரித்து, 405 முதல் 465 நானோமீட்டர் வரையிலான பகுதியில், வாகனப் புகையில் வெளிவரும் மாசு வாயுவான நைட்ரஜன் டை ஆக்சைடு உட்கவர்ந்த பங்கிலிருந்து அதன் அளவைக் கணிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிநோக்குத் திட்டமான கோப்பர்நிக்கஸின் தரவுத்தளத்தில் இலவசமாகப் பதிவு செய்து, இவ்வாயுவுக்கான இரண்டாம் நிலைக் (Level-2, அதாவது வாயுவின் அளவு ஏற்கெனவே கணிக்கப்பட்ட) கோப்புகளை, வடக்கு 8.0 முதல் 8.6 பாகை, கிழக்கு 77.0 முதல் 77.7 பாகை என்ற எல்லையைக் கொடுத்துத் தேடுங்கள்.

அடுத்த படியில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். படத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் (பிக்சல்) அதன் நம்பகத்தன்மையைக் காட்டும் 0 முதல் 1 வரையிலான ஒரு தர மதிப்பு இருக்கும், 0.75-க்கு மேற்பட்டவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளும் பெய்யும் நம் மாவட்டத்தில் மேகம் மூடிய கட்டங்களின் தர மதிப்பு குறைந்து பெரும்பகுதி கழிந்துவிடும் என்பதால், ஒரு நாள் படத்தை நம்பாமல், பிப்ரவரி போன்ற தெளிந்த மாதத்தின் சராசரியை எடுப்பதே நல்லது.

ஒரு கட்டம் ஏறத்தாழ 5.5க்கு 3.5 கிலோமீட்டர் பரப்புடையது. ஆகவே நாகர்கோவில் நகரத்தைப் பிரித்தறியலாம், வடசேரிப் பேருந்து நிலையத்தை மட்டும் தனித்துக் காண இயலாது. கிடைப்பது தரையிலிருந்து மேல்நோக்கிய காற்றுத்தூண் முழுவதன் அளவு. நாம் சுவாசிக்கும் காற்றின் செறிவு அன்று. செயற்கைக்கோள் பிற்பகல் ஒன்றரை மணியளவில் கடப்பதால் மாலை நேர வாகன நெரிசல் பதிவாகாது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் பலத்த காற்று வீசும் நாள்களில் வாயு விரைவில் கலைந்துவிடும் என்பதால், காற்றின் வேகத்தையும் திசையையும் தேதிவாரியாக உடன் குறித்துக்கொள்ளுங்கள்.