பேசத் தெரியாத குழந்தையின் வலியை அளப்பது: ஃபிளாக் அளவுகோல்

குழந்தை பசித்தாலும் அழும், அம்மாவைக் காணாவிட்டாலும் அழும். கடும் வலியிலோ, அசையவே பயந்து சத்தமில்லாமல் கிடக்கும். அதனால் அழுகையை மட்டும் வைத்து வலியைக் கணிக்க முடியாது. 2 மாதம் முதல் 7 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு நர்சிங் மாணவர்கள் முதலில் பழக வேண்டியது ஃபிளாக் (FLACC) என்ற வலி அளவுகோல்.

முகம், கால், உடல் அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என ஐந்து அம்சங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2, மொத்தம் 10.

விழித்திருக்கும் குழந்தையை 2 முதல் 5 நிமிடமும், தூங்கும் குழந்தையை 5 நிமிடத்துக்குக் குறையாமலும் பாருங்கள். போர்வையை விலக்குங்கள், பலர் இதைச் செய்யாமலே காலுக்கு 0 போட்டுவிடுகிறார்கள். கால் தளர்வாக இருந்தால் 0, விறைத்தோ நிலைகொள்ளாமலோ இருந்தால் 1, உதைத்தாலோ வயிற்றோடு மடக்கிக்கொண்டாலோ 2. முகத்தில் அவ்வப்போது சுளிப்பு என்றால் 1. தாடை இறுகி, மோவாய் நடுங்கிக்கொண்டே இருந்தால் 2. நெளிந்தால் அசைவுக்கு 1, உடல் வில்லாக வளைந்தால் 2. முனகலுக்கு 1, விடாத அழுகைக்கு 2.

கடைசி அம்சத்தை நின்ற இடத்திலிருந்து ஊகிக்காதீர்கள். அம்மாவிடம் குழந்தையைத் தூக்கச் சொல்லுங்கள். பேச்சுக்கோ அணைப்புக்கோ அடங்கினால் 1, எதற்கும் அடங்காவிட்டால் 2. பயத்தில் அழும் குழந்தை பெரும்பாலும் இங்கே அடங்கிவிடும்.

தசைத் தளர்வு மருந்தில் இருக்கும் குழந்தைக்கு ஃபிளாக் பயன்படாது. அசைய முடியாத உடல் 0 காட்டும், வலி இல்லை என்று அர்த்தமல்ல.

பேசும் குழந்தையிடம் கேட்டுவிடுவதே மேல். ஆனால் ஊசிக்குப் பயந்து 'வலிக்கல' என்று சொல்லும், ஊசி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் நிச்சயம் சொல்லும். 'எரியுதா, குத்துதா, கடுக்குதா?' என்று அதன் வீட்டுச் சொல்லில் கேளுங்கள். வலியின் அளவைக் குறிக்கும் முகப்படங்களைக் காட்டும்போது 'சிரிக்கிற மூஞ்சி, அழுகிற மூஞ்சி' என்று சொல்லாதீர்கள். குழந்தை வலியை விட்டுவிட்டுத் தன் மனநிலையைக் காட்டும்.

பழக ஒரு வழி: இருவர் ஒரே குழந்தையை ஒரே நேரத்தில் பார்த்து, பேசாமல் தனித்தனியே மதிப்பெண் போட்டு, அம்சம் அம்சமாக ஒப்பிடுங்கள். மொத்தம் ஒத்துப்போனாலும் உள்ளே முரண் இருக்கலாம்.

சார்ட்டில் வெறும் 6 என்று எழுதாமல் முகம் 1, கால் 2, அசைவு 1, அழுகை 1, தேறுதல் 1 என்று பிரித்து எழுதுங்கள். ரத்தக்குழாய் வழியாக வலி மருந்து கொடுத்திருந்தால் 15 முதல் 30 நிமிடத்திலும், வாய்வழி என்றால் ஒரு மணி நேரத்திலும் மறுபடி அளந்து, அதன் பக்கத்திலேயே நேரத்துடன் குறிக்க வேண்டும்.