மூத்த குவாட்டர்பேக் இருக்கும்போதே இளையவரை எடுப்பது எப்படி

ஏப்ரல் 23 வந்தால் எனக்கும் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கும் ஒரு சிரிப்பு. 2005-இல் அந்தத் தேதியில்தான் எங்கள் அமெரிக்கக் கால்பந்து அணி கிரீன் பே பேக்கர்ஸ் ஆரன் ராட்ஜர்ஸை டிராஃப்டில் எடுத்தது. டிராஃப்ட் என்றால் கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து, சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுப்பது. ராட்ஜர்ஸ் ஒரு குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர். சரியாகப் பதினைந்து வருடம் கழித்து, 2020-இல் அதே தேதியில், அந்த ராட்ஜர்ஸின் இடத்துக்கென்று ஜோர்டன் லவ்வை எடுத்தது. இரண்டு தடவையும் பெரியவர் திட்டித் தீர்த்தார். முதல் தடவை அவர் வீட்டு பேஸ்மென்டில் உட்கார்ந்து. இரண்டாவது தடவை கொரோனா காலம், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று. வசனம் மட்டும் மாறவே இல்லை: "நம்மிடம்தான் ஆள் இருக்கிறாரே!"

ஆள் இருக்கும்போதுதான் ஐயா எடுக்க வேண்டும். அவர் போன பிறகு தேடுவது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். விஸ்கான்சினில் இருபது வருடமாக இதையே பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு கணக்கு பிடிபட்டிருக்கிறது. நாளைக்கே உங்களை என்எஃப்எல் என்ற அந்த லீக்கில் ஓர் அணிக்கு, ஆட்களை எடுப்பதையும் விடுவதையும் முடிவு செய்யும் ஜெனரல் மேனேஜராக உட்கார வைத்தார்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

உங்கள் ஸ்டார்ட்டருக்கு, அதாவது முதலில் களமிறங்கும் குவாட்டர்பேக்குக்கு, 33 வயது ஆகும்போதே தேட ஆரம்பித்துவிடுங்கள். ராட்ஜர்ஸை எடுத்தபோது அப்போதைய ஸ்டார்ட்டர் பிரெட் ஃபாவ்ருக்கு 35 வயது. லவ்வை எடுத்தபோது ராட்ஜர்ஸுக்கு 36. 2017-இல் கேன்சஸ் சிட்டி பேட்ரிக் மஹோம்ஸை எடுத்தபோது அதன் ஸ்டார்ட்டர் அலெக்ஸ் ஸ்மித்துக்கு 33 நிரம்பப் பத்து நாள் பாக்கி. இவர்களில் யாரும் அன்றைக்குத் தோற்றுக்கொண்டிருந்தவர்கள் இல்லை. பேக்கர்ஸ் லவ்வை எடுப்பதற்கு முந்தைய 2019 சீசனில் 13-3, அதாவது 13 வெற்றி, 3 தோல்வி. ஸ்மித் அந்த 2017-இல்தான் லீக்கிலேயே முதலிடப் பாஸர் ரேட்டிங் (பந்தெறியும் திறனுக்கான மதிப்பெண்) வாங்கினார்.

தேடுவது வேறு, எடுப்பது வேறு. எல்லா வருடமும் சரக்கு வராது. பிட்ஸ்பர்க் கதையைப் பாருங்கள். அவர்கள் குவாட்டர்பேக் பென் ராத்லிஸ்பெர்கர் 2022 ஜனவரியில் ஓய்வு பெற்றார். வேறு வழியில்லாமல் அந்த வருட டிராஃப்டுக்குப் போனால், முதல் சுற்றில் போன ஒரே குவாட்டர்பேக் கென்னி பிக்கெட்தான், 20-ஆவது இடத்தில். அடுத்தவர் மூன்றாம் சுற்றில்தான் போனார். அவ்வளவு வறண்ட வருடம். பிக்கெட்டை இரண்டே சீசனில் பிலடெல்பியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். நீங்கள் மூன்று வருடம் முன்னாலேயே தேட ஆரம்பித்திருந்தால், வறண்ட வருடத்தை "சரி, அடுத்த வருடம் பார்க்கலாம்" என்று தாண்டிவிடலாம். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லும் வசதிக்காகத்தான் இத்தனை முன்னேற்பாடும்.

அடுத்து ஒப்பந்தக் கணக்கு. ரசிகர்கள் இதில் தூங்கிவிடுவார்கள். மேனேஜர்கள் தூக்கத்தைத் தொலைப்பது இங்கேதான். டிராஃப்டில் எடுத்தவருடன் நான்கு வருட ஒப்பந்தம். முதல் சுற்றில் எடுத்தவர் என்றால் மட்டும் ஐந்தாவது வருடத்தைச் சேர்த்துக்கொள்ள அணிக்கு உரிமை உண்டு. 2011-இல் வந்த விதி இது. அதே விதிதான் புதியவர்களின் சம்பளத்தையும் குறைத்தது: 2010-இல் முதலாவதாகப் போன சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு வருடத்துக்கு 7.8 கோடி டாலர். அடுத்த வருடம் அதே இடத்தில் போன கேம் நியூட்டனுக்கு நான்கு வருடத்துக்கு 2.2 கோடி. ஆகவே பெஞ்சில் ஒரு பையனை உட்காரவைப்பது இப்போது கட்டுப்படியாகும். ஆனால் அவர் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு வருடமும் அந்த மலிவான வருடங்களில் ஒன்று கரைகிறது.

இரண்டாம் சுற்றில் எடுத்துக் காக்கவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு கதைகள். நியூ இங்கிலாந்து 2014-இல் ஜிம்மி கராப்போலோவை 62-ஆவதாக எடுத்தது. ஸ்டார்ட்டர் டாம் பிரேடிக்கு அப்போது 36. எல்லாக் கணக்கும் சரி, பிரேடியின் உடம்பு மட்டும் கணக்குக்கு அடங்கவில்லை. 2017 அக்டோபரில் கராப்போலோவின் நான்கு வருடம் முடியப் போகிறது, பிரேடியோ 40 வயதில் ஜோராக ஆடிக்கொண்டிருக்கிறார். சீசன் நடுவிலேயே டிராஃப்டில் ஓர் இரண்டாம் சுற்று வாய்ப்புக்கு சான் பிரான்சிஸ்கோவிடம் கொடுத்துவிட்டார்கள். பிரேடி 45 வயது வரை ஆடினார்.

டென்வர் கதை இதைவிட மோசம். 2012-இல் 36 வயது நிரம்பவிருந்த பெய்டன் மேனிங்கை வரவழைத்த கையோடு, பிராக் ஆஸ்வைலரை 57-ஆவதாக எடுத்தார்கள். நான்கு வருடம் வளர்த்தார்கள். 2016 மார்ச்சில் மேனிங் ஓய்வை அறிவித்தார். அதே வாரம் ஆஸ்வைலரும் நான்கு வருடம், 7.2 கோடி டாலர் என்று ஹூஸ்டனுக்குப் போய்விட்டார். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தது என்பார்களே, அதுதான். லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்ற கையோடு, குவாட்டர்பேக் நாற்காலி காலி.

அதனால் முதல் சுற்றிலேயே எடுங்கள், கடைசி இடமாக இருந்தாலும் பரவாயில்லை. பால்டிமோர் 2018-இல் செய்தது புத்திசாலித்தனம். அடுத்த வருட இரண்டாம் சுற்று வாய்ப்பையும் சேர்த்துக் கொடுத்து, முதல் சுற்றின் கடைசி இடமான 32-க்கு ஏறி லமார் ஜாக்சனை எடுத்தார்கள். 33-ஆவதாக எடுத்திருந்தால் அந்த ஐந்தாவது வருட உரிமை கிடையாது. ஓர் இடத்தில் ஒரு வருடம்!

டிராஃப்டில் தோற்ற அணிக்குத்தான் முதல் முறை. நல்ல அணி என்றால் உங்கள் முறை எப்படியும் இருபதுகளின் கடைசியில்தான் வரும். ஒன்று, நல்லவர் ஒருவர் நழுவி வரக் காத்திருக்க வேண்டும். ராட்ஜர்ஸ் 24 வரை நழுவினார், நியூயார்க் அரங்கில் அவர் உட்கார்ந்திருந்த முகத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இல்லையென்றால் ஏற வேண்டும். கேன்சஸ் சிட்டி மஹோம்ஸுக்காக 27-இலிருந்து 10-க்கு ஏறியது. விலை அந்த 27, ஒரு மூன்றாம் சுற்று, அடுத்த வருட முதல் சுற்று. பேக்கர்ஸ் லவ்வுக்காக 30-இலிருந்து 26-க்கு ஏறியது. கூடக் கொடுத்தது ஒரு நான்காம் சுற்று மட்டும். ஆள் மேல் உங்களுக்கு உறுதி இருந்தால் கேன்சஸ் சிட்டி விலையும் மலிவுதான். உறுதி இல்லையென்றால் நான்காம் சுற்றுகூட அதிகம்.

சரி, யாரை எடுப்பது? உடனே ஆட வேண்டிய பையனைத் தேடும் அணி வேறு, நீங்கள் வேறு. உங்களிடம் நேரம் இருக்கிறது. எனவே குறையுள்ளவரை எடுக்கலாம். ஆனால் திருத்தக்கூடிய குறையா என்று பார்த்து எடுக்க வேண்டும். லவ் யூட்டா ஸ்டேட் கல்லூரி அணியில் 2018-இல் 32 டச்டவுன் (புள்ளி வாங்கித் தந்த பாஸ்), 6 இன்டர்செப்ஷன் (எதிராளி பிடித்துக்கொண்ட பாஸ்). பயிற்சியாளர் மாறிய அடுத்த வருடம் 20 டச்டவுன், 17 இன்டர்செப்ஷன். ஊரடங்கில் வேறு வேலை இல்லாமல், அந்தப் பதினேழில் கண்ணில் சிக்கியதையெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நோட்டில் மூன்று பத்தி போட்டேன்: பந்தைப் பிடிக்கப் போனவர் தப்பான இடத்துக்கு ஓடியது, கால் சரியாக ஊன்றாமல் எறிந்தது, நடுவில் நின்ற எதிராளியைப் பார்க்கவே பார்க்காதது. முதல் பத்தி அவர் குற்றமே இல்லை. இரண்டாவதைப் பயிற்சியில் சரிசெய்யலாம். மூன்றாவது பத்தி நிரம்பினால், கை எவ்வளவு பலமாக இருந்தாலும் அந்த ஆளை விட்டுவிடுவேன். மேனேஜரான உங்களுக்கு என்னைவிட வசதி அதிகம்: முப்பது பேரை நேரில் அழைத்துப் பேச விதி இடம் கொடுக்கிறது. எழுதும் பலகை முன் நிறுத்தி, அவருடைய மோசமான எறிதலையே போட்டுக் காட்டி, "இங்கே என்ன பார்த்தாய்?" என்று கேளுங்கள். பழியை யார் மேல் போடுகிறார் என்பதையும் கவனியுங்கள்.

ராட்ஜர்ஸுக்கும் குறை இருந்தது. கல்லூரியில் பந்தைக் காதுக்குப் பக்கத்தில் உயரமாகப் பிடிப்பார். கிரீன் பேயில்தான் அதை இறக்கினார்கள். மூன்று வருடம் உட்கார்ந்திருந்ததால் அதற்கு நேரம் கிடைத்தது.

வயதையும் பாருங்கள். காக்கவைக்கப் போகிறீர்கள் என்றால் 21, 22 வயதுப் பையன் வேண்டும். அட்லாண்டா 2024 மார்ச்சில் 35 வயது கர்க் கசின்ஸுக்கு 18 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டு, அதில் 10 கோடிக்கு உத்தரவாதமும் கொடுத்து, அடுத்த மாதமே 8-ஆவது இடத்தில் மைக்கேல் பெனிக்ஸை எடுத்தது. பெனிக்ஸுக்கு 24 நிரம்பப் போகிற சமயம். மூத்தவருக்கு இவ்வளவு பணம் கொடுத்தால் இளையவர் வருடக்கணக்கில் காக்க வேண்டும். அந்த இளையவருக்கோ காக்கிற வயதில்லை. டிசம்பரிலேயே கசின்ஸை உட்காரவைக்க வேண்டியதாயிற்று.

இன்னொரு விஷயம், அட்லாண்டா தங்கள் முறை வந்து கடிகாரம் ஓடத் தொடங்கிய பிறகுதான் கசின்ஸுக்கே போன் செய்தார்கள் என்று அவருடைய ஏஜென்ட் வெளிப்படையாகச் சொன்னார். ராட்ஜர்ஸுக்கும் 2020-இல் முன்கூட்டித் தகவல் இல்லை. அந்தக் கசப்பு அடுத்த வருடக் கோடை முழுவதும் பத்திரிகைகளில் ஓடியது. ஒரு போன் கால் செலவு. டிராஃப்டுக்கு ஒரு வாரம் முன்னால் நேரில் போய், "நல்ல பையன் கிடைத்தால் எடுப்போம், இந்த வருடமும் அடுத்த வருடமும் இடம் உங்களுடையது" என்று தேதியோடு சொல்லிவிடுங்கள். கோபப்படுவார். படட்டும். டிவி பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட மேல். ஆனால் இளையவருக்கு அவரே பாடம் சொல்லித்தர வேண்டும் என்று மட்டும் கேட்காதீர்கள். ஃபாவ்ர் அது என் வேலை இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னவர். ஸ்மித் தாராளமாகச் சொல்லிக்கொடுத்தார், மஹோம்ஸ் இன்றும் நன்றியோடு பேசுகிறார். எந்த வகை ஆள் வாய்க்கும் என்பது உங்கள் கையில் இல்லை. சொல்லித்தர நல்ல குவாட்டர்பேக் பயிற்சியாளரை வைப்பதுதான் உங்கள் கையில் இருப்பது.

உட்கார்ந்திருக்கும் காலம் சும்மா இருக்கும் காலம் ஆகிவிடக் கூடாது. சீசன் நடக்கும்போது பயிற்சியில் நல்ல பந்துகளெல்லாம் ஸ்டார்ட்டருக்கே. மற்றவர் அந்த வார எதிரணியின் குவாட்டர்பேக் மாதிரி நடித்து, நம் தடுப்பாளர்களுக்குப் பழக்கம் கொடுப்பார். அதில் ஓரளவுதான் கற்க முடியும். ஆகவே சீசனுக்கு முந்தைய ஆட்டங்களை முழுக்க அவரிடமே கொடுங்கள். லவ்வுக்கு 2020-இல் அந்த ஆட்டங்களே ரத்தாகிவிட்டன. அந்த சீசன் முழுவதும் மூன்றாவது ஆளாகச் சீருடைகூடப் போடவில்லை. முதல் வருடமே போன மாதிரிதான்.

உண்மையான தேர்வு தற்செயலாக வரும், தவறவிடாதீர்கள். 2007 நவம்பரில் டல்லாஸில் ஃபாவ்ருக்கு அடிபட, ராட்ஜர்ஸ் உள்ளே போய் 26-இல் 18 பாஸ் முடித்தார். ஆட்டம் தோல்விதான், ஆனால் பெரியவர் அன்று முதல்முறையாக வாயை மூடினார். 2021-இல் கேன்சஸ் சிட்டியில் லவ்வின் முதல் ஸ்டார்ட் 13-7 தோல்வி என்று சொதப்பியது. அடுத்த வருடம் பிலடெல்பியாவில் ராட்ஜர்ஸுக்கு விலா வலிக்க, உள்ளே வந்தவர் 9-இல் 6, நூறு கஜத்துக்கு மேல், ஒரு டச்டவுன். முன்னதற்கும் பின்னதற்கும் நடுவில் அவர் கால் நிற்கிற விதமே மாறியிருந்தது. மேனேஜர் பார்க்க வேண்டியது அந்த மாற்றத்தைத்தான்.

கடைசியாகக் கைமாற்றம். தேதியை நீங்கள் குறிக்க வேண்டும், மூத்தவர் குறிக்க விடக்கூடாது. ஃபாவ்ர் 2008 மார்ச்சில் அழுதுகொண்டே ஓய்வு பெற்றார், கோடையில் திரும்பி வந்து நின்றார். முந்தைய வருடம் 13-3 ஜெயித்துக் கொடுத்தவர். அப்போதைய ஜெனரல் மேனேஜர் டெட் தாம்ப்சன் அசையவில்லை, ஆகஸ்டில் நியூயார்க் ஜெட்ஸுக்கு அனுப்பிவிட்டார். ஊரே கொதித்தது. எனக்கும் அன்று கோபம்தான், ஒப்புக்கொள்கிறேன். கேன்சஸ் சிட்டி இன்னும் சுத்தமாகச் செய்தது: மஹோம்ஸ் ஒரே ஒரு ஆட்டம் ஆடியிருந்த நிலையில், ஸ்மித்தை அவருடைய சிறந்த சீசன் முடிந்ததும் வாஷிங்டனுக்குக் கொடுத்து, ஒரு தடுப்பாட்டக்காரரும் மூன்றாம் சுற்று வாய்ப்பும் வாங்கியது. பேக்கர்ஸ் ராட்ஜர்ஸுக்கு 2022-இல் மூன்று வருடம் 15 கோடி டாலர் என்று நீட்டிவிட்டு, 2023-இல் அனுப்பியபோது, ஆடாத ஆளுக்காக, அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைத்த உச்சவரம்பில் 4 கோடி டாலர் சுமந்தது. மூன்று வருடம் காத்திருந்த லவ்வின் ஐந்தாவது வருடத்தை அப்படியே எடுக்கவும் தைரியம் இல்லை, 1.35 கோடி உத்தரவாதத்தில் ஓர் இடைப்பட்ட ஒப்பந்தம் போட்டார்கள். என்னைக் கேட்டால் காத்திருப்பு ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு. மூன்று என்பது கிரீன் பேக்காரர்களின் பிடிவாதம்.

கைமாற்றிய முதல் வருடம் நவம்பர் வரை செய்தித்தாள் பக்கம் போகாதீர்கள். ராட்ஜர்ஸின் 2008 அணி 6-10. ஆனால் அவர் எறிந்தது 4,038 கஜம், 28 டச்டவுன். தோல்விக்குக் காரணம் வேறு இடத்தில் இருந்தது. லவ் 2023-இல் முதல் ஏழு ஆட்டத்தில் இரண்டே வெற்றி. முடிவில் 9-8, பிறகு பிளேஆஃப் சுற்றில் டல்லாஸுக்கே போய் 48-32 என்று வெற்றி. 2024 ஜூலையில் நான்கு வருட நீட்டிப்பு, 22 கோடி டாலர்.

பெரியவரிடம் ஃபாவ்ரின் 4, ராட்ஜர்ஸின் 12 இரண்டு ஜெர்சியும் உண்டு. அந்த டல்லாஸ் ஆட்டம் முடிந்த வாரம் 10-ஐ வாங்கி வந்தார். விலைச் சீட்டைக் கிழிக்காமல்தான் மாட்டி வைத்திருக்கிறார்.